அம்மாவின் முழங்கால் காட்டிய லிஸ்பன்

கைப்பேசி வரைபடத்தில் மேடு தெரியாது. போர்ச்சுகலின் தலைநகரமான லிஸ்பனில், 2025 ஜூன் மாதப் பிற்பகல் ஒன்றில் இந்தச் சின்ன உண்மையைக் கற்றுக்கொண்டேன்.

"கோட்டைக்கு 15 நிமிட நடை" என்றது கைப்பேசி. பதினைந்து நிமிடம்தானே, இதற்கு எதற்கு டாக்சி என்று நினைத்தேன். என்னுடன் வந்தவர்கள் இருவர். பள்ளி விடுமுறையில் இருந்த 11 வயது மகன், 70 வயது அம்மா. விமானத்திலிருந்து இறங்கி விடுதியில் பெட்டிகளை வைத்த கையோடு, பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டோம். இருப்பது மூன்றே நாள். என் பட்டியலில் 14 இடங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஆற்றோரச் சமதரை. அதன்பிறகு தெரு மெல்ல எழும்பியது. பிறகு தெருவே படிக்கட்டாகிவிட்டது. மகன் படிகளை எண்ணத் தொடங்கினான். எழுபது, எண்பது, நூற்றுப்பத்து. ஒரு திருப்பத்தில் முடிந்ததுபோல் தெரியும்; திரும்பினால் அடுத்த வரிசை. லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். கால்கள் எண்ணும் கணக்கில் ஏழு மிகவும் குறைவு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு வெயில் புதிதா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இது வேறு வெயில். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்துவிடும். உடம்பு உடனே எச்சரித்துவிடும். லிஸ்பன் கோடை வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோகிறது. தாகம் தெரிவதற்குள் தலை சுற்றிவிடும். வழியில் ஒரு மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 37 டிகிரி என்று எண்கள் மின்னின. அதுகூட அந்த ஊருக்குப் பெரிதில்லை. 2018 ஆகஸ்டில் 44 டிகிரியைத் தொட்ட நகரம் அது.

காலடியிலும் வெயில்தான். லிஸ்பன் நடைபாதைகள் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்னக் கற்களைக் கையால் பதித்துச் செய்தவை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல்லால் அலை, பூ, கப்பல் என்று கோலம் போட்டிருப்பார்கள். பார்க்க அத்தனை அழகு. நூற்றாண்டுக் கணக்கில் கால்கள் தேய்த்த அந்தக் கற்கள் கண்ணாடிபோல் வழுக்கும் என்பது அங்கே போனபிறகுதான் தெரியும்.

அம்மா வழுக்கியது அங்கேதான். பெரிய விழுகை இல்லை. பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து சறுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. வலது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

ஒரு நாற்காலி, ஒரு குவளைத் தண்ணீர்

நாங்கள் அப்போது இருந்த இடம் அல்ஃபாமா. லிஸ்பனின் மிகப் பழைய குடியிருப்பு. அரபுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வந்த பெயர். வெந்நீர் ஊற்று என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். அந்தச் சந்துகளில் மூதாட்டிகள் சிலர் தரைத்தள வீட்டு ஜன்னலிலேயே சிறு மேசை போட்டு, 'ஜின்ஜின்ஞா' எனும் செர்ரிப் பழ மதுவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி விற்பார்கள். அப்படி ஒரு ஜன்னலுக்கு எதிரேதான் அம்மா உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலில் இருந்த பாட்டி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவின் வயதோ, ஒன்றிரண்டு கூடுதலோ இருக்கும். அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு, குடிப்பதுபோல் கையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"ஆகு" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா எப்போது போர்த்துகீசிய மொழி கற்றார்? பாட்டி சிரித்துவிட்டு, "ஆகுவா" என்று திருத்தியபடி உள்ளே போய்க் குளிர்ந்த நீர் கொண்டுவந்தார். நாங்கள் கிளம்பும்போது அம்மாவின் தோளைத் தட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டி, "தெவகார், தெவகார்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது அம்மாவை இல்லை. என்னை.

ஏன் லிஸ்பன்?

பாரிஸ், ரோம் எல்லாம் இருக்க, லிஸ்பன் வேண்டும் என்று கேட்டது அம்மாதான். அம்மா மலாக்காவில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். பள்ளியில் அவருக்கு நெருங்கிய தோழி ஒருவர் இருந்தார், உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்புப் பெண். அவர் வீட்டில் பேசுவது கிறிஸ்தாங். 1511இல் அஃபோன்சோ டி அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றியபின், அங்கேயே தங்கிவிட்ட போர்த்துகீசியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே பிறந்த கலப்பு மொழி. அம்மாவுக்குத் தெரிந்த 'ஆகு' அந்தத் தோழி வீட்டு அடுப்படியில் தண்ணீர் கேட்டுப் பழகிய சொல்.

இரண்டு சிறுமிகளும் செயின்ட் பால் குன்றின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்களாம். கூரையில்லாத பழைய தேவாலயம் பின்னால். கீழே 'ஆ ஃபமோசா' கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசல். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் வந்த ஊர்லயும் இப்படி ஒரு குன்று இருக்காம். அதுல ஏறிப் பார்த்தா கப்பல் தெரியுமாம். ஒருநாள் நாம ரெண்டு பேரும் போகணும்" என்பாராம் தோழி. அந்த ஒருநாள் வரவேயில்லை. தோழிக்கு இப்போது நீண்ட பயணம் போகும் உடல்நிலை இல்லை. "நீயாவது போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னது, அந்த முதல் நாள் இரவில்தான்.

அன்றிரவு குளியலறையிலிருந்து கோடாலித் தைலத்தின் வாசம் வந்தது. கதவைத் தட்டினேன். முழங்கால் வீங்கியிருந்தது. ஆறு மாதமாகவே வலியாம். சொன்னால் பயணத்தை ரத்து செய்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. நான் கீழ எங்கயாவது உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். தூக்கம் வராமல் கைப்பேசியில் பழைய பயணப் படங்களைப் புரட்டினேன். ஹாங்காங், பாலி, ஆக்ரா. எல்லா உச்சியிலும் நான் இருக்கிறேன், கணவர் இருக்கிறார், மகன் இருக்கிறான். அம்மா? கீழே ஏதோ ஒரு பெஞ்சில், எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு. நாங்கள் அம்மாவை ஊர் ஊராக அழைத்துப்போயிருக்கிறோம். எந்த ஊரையும் காட்டவில்லை.

14 இடங்கள் கொண்ட பட்டியலை அன்றிரவே அழித்தேன்.

மின்தூக்கிகளின் நகரம்

மறுநாள் காலை பொறுப்பை மகனிடம் கொடுத்தேன். "பாட்டி படி ஏறாம கோட்டைக்குப் போகணும். வழி கண்டுபிடி" என்றேன். கழக வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு முதலில் தோன்றுவது மின்தூக்கிதானே! அவன் நினைத்தது சரியாகவும் இருந்தது.

மேட்டில் ஊரைக் கட்டியவர்களுக்கு மேட்டின் கஷ்டம் தெரியாமலா இருக்கும்? 1884இல் லாவ்ரா, 1885இல் குளோரியா, 1892இல் பிக்கா என்று செங்குத்துத் தெருக்களில் கம்பி இழுக்கும் பெட்டிகளை அமைத்தார்கள். 1902இல் கடைவீதிக்கு நடுவே 45 மீட்டர் உயரத்தில் சாந்தா ஜூஸ்தா இரும்பு மின்தூக்கி எழுந்தது. நாங்கள் போனபோது சுற்றுப்பயணிகள் நீண்ட வரிசையில் நின்று இதில் ஏறினார்கள்.

மகன் கண்டுபிடித்தது வரிசையே இல்லாத வழி. நகரின் சமதரைப் பகுதியான பைஷாவில், ஃபான்கெய்ரோஸ் தெருவில், பழைய கட்டடம் ஒன்றுக்குள் பொது மின்தூக்கி இருக்கிறது. கட்டணம் இல்லை. மேலே போய் அடுத்த தெருவில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், முன்பு சந்தையாக இருந்து இப்போது பேரங்காடியும் கார் நிறுத்துமிடமுமாக மாறிய கட்டடம். அதற்குள் இன்னொரு மின்தூக்கி. அதற்கும் கட்டணம் இல்லை. காய்கறிப் பைகளோடு வரும் உள்ளூர்த் தாத்தா பாட்டிகளுடன் நாங்களும் ஏறினோம். கதவு திறந்தால் பாதிக் குன்றின்மேல் நிற்கிறோம்! முந்தைய நாள் நான் அம்மாவை இழுத்துக்கொண்டு ஏறிய படிகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

மிச்ச ஏற்றத்தைப் பத்தடிக்கு ஒரு நிழல் என்று நின்று நின்று கடந்தோம். காலை ஒன்பதரைக்கு சாவோ ஜோர்ஜ் கோட்டைக்குள் அம்மா நுழைந்தார். நுழைந்ததும் அவரை வரவேற்றது ஒரு மயில். அந்தக் கோட்டைத் தோட்டத்தில் மயில்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. "பார்த்தியா, முருகன் நமக்கு முன்னாலயே மலை ஏறிட்டாரு" என்று அம்மா சிரித்தார். முந்தைய நாள் மதியத்துக்குப்பின் அவர் சிரித்தது அப்போதுதான்.

மதில் ஓரத்துக் கல் இருக்கையில் மூவருமாக உட்கார்ந்தோம். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். அதற்கப்பால் கடல் என்றே நினைக்கத் தோன்றும் அகலமான தேஜு ஆறு. கப்பல் ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ சொன்னது சரிதான். கப்பல் தெரியுது" என்றார்.

கீழே நேர்கோடுகளாகத் தெரிந்த பைஷாவின் தெருக்களுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் நிலநடுக்கம் வந்தது. ஆற்றோரம் ஓடியவர்களை ஆழிப்பேரலை அடித்தது. கவிழ்ந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. அதன்பிறகு போம்பால் பிரபுவின் மேற்பார்வையில் எழுந்ததுதான் அந்தக் கட்டம் போட்ட தெருக்கள். நிலம் அதிர்ந்தாலும் வளைந்து கொடுக்கும்படி, சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்துக் கட்டினார்கள். எதிர்க் குன்றில் கார்மோ மடத்தின் தேவாலயத்தை மட்டும் கூரையில்லாமலே விட்டுவிட்டார்கள். அதன் வளைவுகளுக்கு மேலே இன்றும் வெறும் வானம்தான்.

"நம்ம செயின்ட் பால் மாதிரியே இருக்கு" என்றார் அம்மா, தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு.

பன்னிரண்டு மணிக்கு விடுதிக்குத் திரும்பிவிட்டோம். மாலை ஐந்து வரை திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். ஐரோப்பாவுக்குப் போய்ப் பகலில் தூங்குவதா என்று முன்பெல்லாம் நினைப்பேன். ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. மதியத்தில் விட்டதை மாலையில் பிடித்துக்கொள்ளலாம்.

சமதரையில் ஒரு மாலை

மாலையில் 15ஆம் எண் டிராமில் பெலெம் போனோம். ஆற்றங்கரை முழுக்கச் சமதரை. அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தார். 1837 முதல் இயங்கும் கடையில் சூடான முட்டைக் கேக், மேலே பட்டைத்தூள். நம் ஊரில் கிடைக்கும் 'எக் டார்ட்'டுக்கு மூத்தவர். ஆளுக்கு ஒன்று என்று தொடங்கி ஆறில் முடிந்தது.

பக்கத்திலேயே ஜெரோனிமோஸ் மடம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளே இருக்கிறது. நாங்கள் போனபோது நுழைவு நேரம் முடிந்திருந்ததால் வெளியிலிருந்துதான் பார்த்தோம். கல்லிலே கயிறும் கடல்வாழ் உயிர்களும் செதுக்கிய அந்த மடத்தைக் கட்டப் பெரும்பணம் தந்தது, கிழக்கிலிருந்து வந்த மிளகு முதலிய வாசனைப் பொருள்கள்மீது போட்ட வரி.

சாலையைக் கடந்தால் 1960இல் எழுப்பிய கடலோடிகள் நினைவுச்சின்னம். அதன்முன் தரையில் பளிங்கில் பதித்த பெரிய உலக வரைபடத்தில், போர்த்துகீசியக் கப்பல்கள் போன வழிகள் வரையப்பட்டிருக்கின்றன. மகன் ஓடிப்போய் நம் பக்கத்துத் தீபகற்பத்தின்மேல் நின்றுகொண்டு, "பாட்டி, நான் உங்க வீட்ல நிக்கிறேன்!" என்று கத்தினான்.

அம்மா அந்தச் சின்னத்தையும் மடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு அழகா கட்டி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல மசூதியையும் அரசரோட கல்லறைகளையும் உடைச்ச கல்லுலதான் கோட்டை கட்டினாங்கன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் சொல்லாமல் விடவும் அவருக்கு மனமில்லை. அழகை ரசிப்பதற்காக வரலாற்றை மறக்க வேண்டியதில்லை என்று மகனுக்கு நான் பாடம் நடத்தத் தேவையே இருக்கவில்லை. பாட்டி இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஜன்னலோரம்

மூன்றாம் நாள் காலை அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "தண்ணி குடுத்தவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாம வந்துட்டோமே."

புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில், அது கிளம்பும் மார்த்திம் மோனிஸ் நிறுத்தத்துக்கே காலை எட்டரைக்குப் போனதால் மூவருக்கும் இருக்கை கிடைத்தது. நவீன நீள வண்டிகள் அந்தக் குறுகிய வளைவுகளில் திரும்ப முடியாது என்பதால், மரச்சட்டம் போட்ட பழைய மஞ்சள் பெட்டிகளையே இன்னும் ஓட்டுகிறார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத இடங்களில் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். போர்த்தாஸ் டோ சோல் காட்சிமேடையில் இறங்கினோம். அங்கிருந்து பாட்டியின் சந்துக்கு அறுபது படி கீழே. இறங்குவதுதான் முழங்காலுக்கு இன்னும் கஷ்டம். "அறுபதுதானே, பத்துப் பத்தா இறங்குவோம்" என்றார் அம்மா. ஆறு முறை நின்றோம். ஒவ்வொரு முறை நின்றபோதும் முதல் நாள் நான் கவனிக்காத ஒன்றைப் பார்த்தேன்: நீல ஓடு பதித்த சுவர், கொடியில் காயும் துணி, கூண்டுப் பறவை. ஜூன் மாதத் திருவிழாக்களுக்காகச் சந்துக்குச் சந்து கட்டியிருந்த வண்ணக் காகிதத் தோரணங்கள்.

பாட்டி ஜன்னலில் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முதலில் பார்த்தது முழங்காலை. சாங்கி விமான நிலையத்தில் வாங்கிய ஒரு பொட்டலம் பலகாரத்தை அம்மா நீட்டினார். நாற்காலி மறுபடியும் வெளியே வந்தது.

மணி பத்து. மலாக்காவில் மாலை ஐந்து. அம்மா கைப்பேசியில் தோழியைக் காணொளியில் அழைத்தார். அங்கே அவர்கள் தெருவிலும் சான் பெட்ரோ திருநாளுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஜூன் 29, மீனவர்களின் காவலரான புனித பீட்டருக்குப் படகுகளை அலங்கரிக்கும் நாள். கைப்பேசியை மெல்லச் சுழற்றித் தோரணங்களையும் சந்தையும் காட்டினார் அம்மா. "இது எங்க தெருதானே!" என்றார் தோழி மலாயில். பிறகு குரல் அடைத்துக்கொண்டது.

அம்மா கைப்பேசியை ஜன்னல் பாட்டியிடம் கொடுத்துவிட்டார்.

திரையில் தோழி, "போங் பாமியாங்! தெங் போங்?" என்றார். ஜன்னல் பாட்டி அசந்துபோய் என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு படபடவென்று பேசத் தொடங்கிவிட்டார். ஐந்து நூற்றாண்டுகளுக்குமுன் பிரிந்த இரண்டு மொழிகள். பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் தோழி "முத்து மெர்செ" என்று நன்றி சொன்னபோது, ஜன்னல் பாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மகனுக்கு ஒரு விளையாட்டு பிடித்துக்கொண்டது. பாட்டி ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொல்ல, அவன் குறிப்பேட்டில் எழுதினான். ஜனேலா, ஷாவ், மேசா, அர்மாரியோ, வரண்டா, சப்பாத்து. எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான். "அம்மா, இதெல்லாம் தமிழ்!"

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, வராந்தா, சப்பாத்து. நாம் தினமும் புழங்கும் இந்தச் சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டவை. மலாய் தெரிந்தவர்களுக்கு இன்னும் நிறையக் கிடைக்கும். கொடிக்கு 'பெண்டேரா', பள்ளிக்கு 'செகோலா', பாலாடைக்கட்டிக்கு 'கேஜு', துண்டுக்கு 'துவாலா'. எல்லாம் அதே கப்பல்களில் வந்தவை.

சொற்கள் ஒருவழியில் மட்டும் போகவில்லை. 1554இல் இதே லிஸ்பனில் தமிழ் மொழியில் ஒரு சமயச் சிறுநூல் அச்சாகியிருக்கிறது. எழுத்து ரோமன், சொற்கள் தமிழ். அந்த வேலையில் மூன்று தமிழர்கள் பங்கேற்றார்கள் என்று நூல் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல். அந்த மூன்று பேரும் இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருப்பார்கள்தானே? அவர்களுக்கும் முட்டி வலித்திருக்கும் என்றார் அம்மா.

போகிறவர்களுக்கு

நீங்களும் பெற்றோரை அழைத்துக்கொண்டு கோடையில் லிஸ்பன் போவதாக இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. காலை பதினோரு மணிக்குள் மேடுகளை முடித்துவிடுங்கள். மதியம் ஓய்வு. மாலையில் பெலெம் போன்ற சமதரை. கோட்டைக்கு மின்தூக்கிகள் தவிர, ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எனும் சிறிய பேருந்தும் போகிறது. பேருந்து, டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 மணி நேரப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டால், இரண்டு நிறுத்தம்தானே, நடந்துவிடலாம் என்ற ஆசை வராது. அடிப்பாகம் வழுக்காத சப்பாத்து அவசியம். 28ஆம் எண் டிராமில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைவரிசை காட்டுபவர்கள் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபின், 2025 செப்டம்பர் 3ஆம் தேதி, குளோரியா இழுவைப் பெட்டி தடம் புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா, முதலில் மலாக்காவுக்குத்தான் தொலைபேசினார். இப்போது போகிறவர்கள், எந்த இழுவைப் பெட்டி, எந்த மின்தூக்கி இயங்குகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

14 இடங்களில் நாங்கள் பார்த்தது ஐந்தோ ஆறோதான். சிந்த்ரா மாளிகைகளுக்குப் போகவில்லை. கார்மோ மடத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். நண்பர்கள் கேட்கும்போது, "அவ்வளவு தூரம் போய் அதையெல்லாம் பார்க்கலையா?" என்கிறார்கள்.

வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். அல்ஃபாமாவில் ஒரு ஜன்னல். உள்ளே ஒரு பாட்டி, வெளியே நாற்காலியில் அம்மா, அம்மாவின் கையிலிருக்கும் கைப்பேசித் திரையில் மலாக்காத் தோழி. மூன்று பேரும் சிரிக்கிறார்கள். எங்கள் பயணப் படங்களில் அம்மா நடுவில் இருப்பது இதுதான் முதல் முறை.